வசூலுக்கு முன்னால் வாருங்கள்: ராஜாஜி சாலைக்கு ஒரு திறந்த மடல்

ராஜாஜி சாலையில் அலுவலகம் வைத்திருக்கும் ரிசர்வ் வங்கியின் தமிழ்நாடு மண்டல இயக்குநர் அவர்களுக்கும், சென்னை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஃபிரிட்ஜ் வாங்கக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் அனுப்பியது. நான் கேட்காத மூன்று கட்டணங்களை ஏன் என் தலையில் கட்டினீர்கள் என்று எழுதியிருந்தேன். பதில் நாலே வரி, அதுவும் ஆங்கிலத்தில். ஓடிபி கொடுத்து நீங்களே சம்மதித்திருக்கிறீர்கள், ஆகவே புகார் முடித்து வைக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

எனக்குப் போனது 4,697 ரூபாய். அதற்காக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குத் தனியாக எழுதப் போகிறேன். அந்தக் கணக்கு அங்கே தீரட்டும். இந்த மடல், 'சம்மதித்திருக்கிறீர்கள்' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியது. அந்தச் சம்மதம் எங்கள் பக்கத்தில் எப்படி வாங்கப்படுகிறது என்பது உங்கள் இருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கொருக்குப்பேட்டையில் 17 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், எல்லாம் உண்டு. கடன் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் என் கடைக்கு வந்தாக வேண்டும். ஆதார் நகல், பான் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ. காசோலைக்கு இப்போது தேவை குறைந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடன்களால் எனக்கும் வருமானம் உண்டு, பக்கத்துக்கு 2 ரூபாய். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசனில் என் மெஷின் சூடாகி நின்றுவிடும் அளவுக்குக் கூட்டம். எங்கள் தெருவில் யார் யாருக்கு எத்தனை டியூ என்று அவர்கள் வீட்டுக்காரர்களை விட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அப்போது நனைந்த ஃபிரிட்ஜை இரண்டு முறை ரிப்பேர் செய்து ஓட்டினோம், மூன்றாவது முறை மெக்கானிக் கையை விரித்துவிட்டார். வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறோம், ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆடித் தள்ளுபடியில் போனேன். விலை 31,500. கவுன்டரில் இருந்த தம்பி, "10 மாசம், மாசம் 3,150. வட்டியே கிடையாதுக்கா" என்றார். கடைவாசலில் அதே வாசகத்தோடு பெரிய பேனர். போனில் ஓடிபி வந்தது. சொன்னேன். இன்னொன்று வந்தது. சொன்னேன். மொத்தம் நாலு. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டேன். "ப்ராசஸுக்குக்கா" என்றார். பின்னால் வரிசை நின்றது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

முதல் மாதம் வங்கிக் கணக்கிலிருந்து 4,429 ரூபாய் போனது. அடுத்த மாதம் 3,530. என்னடா இது என்று நிறுவனத்தின் ஆப்பில் போய்ப் பார்த்தால், கூடுதல் வாரன்டி என்று 2,799, ஏதோ ஒரு ஆரோக்கிய உறுப்பினர் அட்டை என்று 999, ப்ராசஸிங் ஃபீஸ் 899. வாரன்டியும் அட்டையும் கடன் தொகையிலேயே சேர்க்கப்பட்டிருந்தன. மூன்றாவது, நான்காவது ஓடிபி எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வட்டியே இல்லாத கடனுக்கு, பொருள் விலையில் ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல். அதே நாளில் அதே மாடலை ரொக்கம் கொடுத்து வாங்கியவருக்கு 1,500 குறைத்தார்கள், அதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். ஊருக்கே ஃபார்ம் படித்துச் சொல்கிறவள் நான். எனக்கே இந்தக் கதி.

ரிசர்வ் வங்கி அதிகாரிகளே, வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதை 2013 செப்டம்பரில் நீங்களே வங்கிகளுக்கு எழுதினீர்கள். பன்னிரண்டு வருடம் தாண்டியும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை அந்தப் பேனர்கள் அசையாமல் தொங்குகின்றன. வங்கி என்ற பெயரில் இல்லாமல் நிதி நிறுவனம் என்ற பெயரில் தொங்குகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

விதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விதிகள் நன்றாகவே இருக்கின்றன, படித்துப் பார்த்தேன். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன் எதுவானாலும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடனாளிக்குக் கொடுத்தாக வேண்டும். அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதைப் படித்து விளக்கி, புரிந்தது என்று ஒப்புதல் வாங்க வேண்டும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணில் காட்ட வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது. ஒரு வாரமோ அதற்கு மேலோ போகும் கடன் என்றால், அந்த அறிக்கையில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளாவது செல்லுபடியாக வேண்டும். அதாவது வீட்டுக்கு எடுத்துப் போய், நாலு பேரைக் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எழுதியவர் யாரோ, எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு அந்த அறிக்கை வந்தது. கடன் வழங்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி மாலை 4.31-க்கு. விவர அறிக்கை மின்னஞ்சலில் 4.52-க்கு. ஆங்கிலத்தில், 38 பக்க ஒப்பந்தத்தின் நடுவில். தாலி கட்டி முடித்த பிறகு ஜாதகம் கொடுத்த கதை.

இந்த 38 பக்கம் எனக்குப் புதிதில்லை. பிரின்ட் எடுக்க வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள். "எத்தினி பக்கம்கா?" 38 பக்கம், பிரின்ட் 3 ரூபாய், 114 ஆகும் என்பேன். "அவ்ளோலாம் வேணாம்கா. டியூ எவ்ளோன்னு இருக்கிற பக்கம் மட்டும் எடு." அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுப்பேன். அவர்களுக்கு அந்தக் கடனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு எண்தான். நான் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மாதம் 15 ஆயிரத்தில் ஓடுகிற வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், மாதம் எவ்வளவு போகும்? அந்தக் கேள்வியை நன்றாகப் புரிந்துகொண்டுதான் கவுன்டரில் பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி சாப்பாடு டெலிவரி செய்கிறான். பைக்குக்கு 80,000 கடன், 24 மாதம். "பன்னெண்டு பர்சென்ட்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 4,133. ஒரு நாள் மழைக்கு என் கடையில் ஒதுங்கியபோது கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். 80,000-க்கு வருடம் 12 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 19,200. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது வருடத்துக்கு 21.6 சதவீதம். அவன் ஒப்பந்தத்திலும் 21 என்றுதான் இருந்தது, பொடி எழுத்தில். வாயில் 12, காகிதத்தில் 21. வாயில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஒரு காவல் நிலையத்தில் கேட்டுப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டியா? அப்புறம் என்ன?" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தண்டலும் உண்டு. 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய், நூறு நாள். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், 3 வருடம் வரை சிறை. தண்டல்காரரை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1,500 பிடிப்பேன் என்பதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். கல்மண்டபம் மார்க்கெட்டில் காய் விற்கிற ஆயாவுக்கும் அந்தக் கணக்கு தெரியும். ஏசி ஷோரூமில் உரிமத்தோடு உட்கார்ந்திருப்பவர் சொல்லவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

குழு லோனுக்கு வருகிறேன், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாங்குகிற நுண்கடன். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற ஒரு அக்கா, குழுவில் 50,000 வாங்கினார். விண்ணப்பத்தை நகல் எடுக்கக் கொண்டுவந்தார். வீட்டு வருமானம் மாதம் 24,000 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர் எழுதியதில்லை, அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "அக்கா, உங்களுக்கு 24,000 வருதா?" என்றேன். "அத்த அவங்களே போட்டுக்குவாங்கம்மா" என்றார். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால்தான் நுண்கடன், எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அந்த விதி எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது இப்படி ஆகிவிட்டது. வருமானத்தைப் பார்த்துக் கடன் என்பது போய், கடனுக்குத் தகுந்தபடி வருமானம் எழுதப்படுகிறது. அந்த அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு குழுவில் கடன் இருந்தது. கணவர் பெயரிலும் அவர் பெயரிலும் காப்பீடு பிடித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போட்டார்கள். காப்பீட்டுத் தாள் எங்கே என்று கேட்டால் யாரிடமும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேடு ஓய்ந்து கிடக்கும். இது வருடா வருடம் வருகிறது, காலண்டரில் குறிக்கலாம். எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கடன் கொடுத்தவருக்குத் தெரியாதா? தவணை அட்டையில் ஏப்ரலும் மேயும் மற்ற மாதங்களைப் போலவே அச்சாகியிருக்கிறது. மே மாதம் அவரால் கட்ட முடியவில்லை. குழுவில் மற்ற ஒன்பது பெண்களும் அவர் பங்கைப் போட்டுக் கட்டும்வரை கூட்டம் கலைக்கப்படவில்லை. அந்த ஒன்பது பேரும் இன்றைக்கு அவரோடு பேசுவதில்லை. வசூலுக்கு வந்தவர் ஒரு கெட்ட வார்த்தை கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

இங்கேதான் என் கேள்வி. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வரவேற்கிறேன். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது என்றது. அதையும் வரவேற்கிறேன். ஆனால் எல்லாமே கடைசிக் காட்சியில் நுழைகிற சட்டங்கள். மிரட்டல் வந்தால் சட்டம் வரும், யாராவது தூக்கில் தொங்கினால் செய்தி வரும், செய்தி வந்தால் நீங்கள் வருவீர்கள். கவுன்டரில், ஓடிபி வாங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில், அரசாங்கம் என்று ஒன்று அங்கே இருப்பதே தெரியவில்லை.

உங்களால் முடியாதது இல்லை. 2023 நவம்பரில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் இரண்டு கடன் திட்டங்களை, விவர அறிக்கை கொடுக்காததைக் காரணம் காட்டி ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2024 அக்டோபரில் நாலு நிறுவனங்கள் அளவுக்கு மீறி வட்டி வைக்கின்றன என்று புதுக் கடன் கொடுக்கவே தடை போட்டது. அடுத்த ஜனவரிக்குள் நாலுக்கும் தடை நீங்கிவிட்டது, அது வேறு. நிறுத்தினால் நிற்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது. கடன் செயலிகளிலும் அப்படித்தான். 2021-ல் வந்த ரிசர்வ் வங்கிக் குழுவின் அறிக்கையில், கண்ணில் பட்ட சுமார் 1,100 செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று எண்ணிச் சொன்னீர்கள். எண்ண முடிந்தது உங்களால். உரிமம் பெற்றவர் கவுன்டரில் என்ன நடக்கிறது என்பதையும் அதேபோல் எண்ண வேண்டும்.

ஆட்சியர் அவர்களே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு, தவறான விளம்பரத்தையும் நேர்மையற்ற வணிகத்தையும் புகாரின் பேரில் விசாரிக்கும் அதிகாரத்தை உங்களிடம் கொடுத்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு இணையத்தில் நடக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டது. கேட்காத பொருளைக் கூடைக்குள் நழுவவிடுவதும் அதில் ஒன்று. ஆன்லைனில் செய்தால் தந்திரம், வண்ணாரப்பேட்டைக் கடையில் ஆள் வைத்துச் செய்தால் வியாபாரமா?

குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்பீர்கள். போகலாம், கட்டணம் கிடையாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும், 30 நாள் காத்திருக்க வேண்டும், பிறகு இணையதளத்தில் பதிய வேண்டும். தபால் என்றால் எந்த மொழியிலும் எழுதலாம், அனுப்ப வேண்டியது சண்டிகருக்கு. ரிசர்வ் வங்கிக் கட்டடம் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். அதே ராஜாஜி சாலையில்தான் ஆட்சியர் அலுவலகமும், 1923-ல் இந்தச் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய சிங்காரவேலர் பெயர் தாங்கிய மாளிகையில். கொருக்குப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து இறங்கிவிடலாம். அந்த மீன்கார அக்கா சண்டிகருக்கு எழுதுவார் என்று நீங்கள் உண்மையிலேயே நம்புகிறீர்களா?

ஆகவே கேட்கிறேன்.

ரிசர்வ் வங்கி, அடுத்த தீபாவளி விற்பனைக்கு முன் சாதாரண வாடிக்கையாளர்களைப் போல உங்கள் ஆட்களை எங்கள் பக்கத்து ஷோரூம்களுக்கு அனுப்ப வேண்டும். ஓடிபி கேட்பதற்கு முன் தமிழில் விவர அறிக்கை கைக்கு வருகிறதா, யாராவது படித்துச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை நிறுவனத்தின் பெயரோடு வெளியிட வேண்டும். ஓடிபி குறுஞ்செய்தியிலேயே அது எதற்கு, எவ்வளவு ரூபாய்க்கு என்று தமிழில் இருக்க வேண்டும் என உத்தரவிடுங்கள். வாரன்டி, காப்பீடு, அட்டை எதுவானாலும் தனிச் சம்மதம், தனி ரசீது. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு, விவர அறிக்கை முன்கூட்டியே தராமல் கடனில் சேர்த்து விற்ற வாரன்டி, காப்பீட்டுப் பணத்தையெல்லாம், நாங்கள் ஒவ்வொருவராகக் கேட்கும்வரை காத்திராமல், நிறுவனங்களே திருப்பித் தர வேண்டும்.

நுண்கடன் விண்ணப்பத்தில் வருமானத்தை யார் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று அவர் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். மீன் தொழிலை நம்பிய குடும்பங்களுக்குத் தடைக்காலத்தின் 61 நாளும் தவணை இல்லாமல், அதற்குக் கூடுதல் வட்டியும் இல்லாமல், கடன் கொடுக்கும் நாளிலேயே தவணை அட்டையை அச்சடிக்க வேண்டும்.

ஆட்சியர் அவர்கள், 'வட்டியில்லாக் கடன்' பேனர்கள் மீது 16-வது பிரிவின்படி விசாரணை தொடங்க வேண்டும். இந்த மடலையே புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள், தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ, இரண்டு அலுவலகமும் சேர்ந்து ஒரு முகாம் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கூலிக்குப் போகிறவர்களும் வர முடியும். அங்கே வாயால் சொல்வதைத் தமிழில் எழுதி, குறைதீர்ப்பாளர் புகாராகவே பதிந்து, எண் போட்டு ரசீது கொடுக்க வேண்டும். நகல் எடுக்கும் வேலையை நான் காசு வாங்காமல் செய்கிறேன்.

என் 38 பக்கமும் கடையில் இருக்கிறது. சம்மதித்த மற்றவர்களுடைய தாள்களும் இருக்கின்றன. உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன். இவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள், தமிழில்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்